வீட்டில லைசென்ஸ் உள்ளவை எத்தினை பேர்?

சிரியும் பிள்ளை, சிரியும். வாயைப் பொத்தாதையும். எண்பது வயதுக் கிழவன் பஸ்ஸுக்குள்ள இருந்து கடித உறையின்ர முதுகில மணிக்கூடு கீறினா ஆருக்கும் சிரிப்பு வரும்தான். என்ர மனுசி மூண்டு கிழமையாச் சிரிக்கிறா. வீட்டில மணிக்கூடு கீறாத கடுதாசி ஒண்டும் மிச்சமில்லை. கரண்ட் பில்லில மணிக்கூடு, கோயில் நோட்டீசில மணிக்கூடு. நேற்று அரிசிப் பையிலயும் ஒண்டு கீறிப்போட்டன்.

இது எப்பிடி, பாத்துச் சொல்லும். பன்ரண்டு மேல, ஆறு கீழ. பத்தும் பதினொண்டும் கொஞ்சம் நெருங்கிப்போச்சு. அது என்ர கையில்லை, பஸ் குலுக்கினது. அங்க மேசையில வைச்சுத்தான் கீறவேணும், அப்ப வடிவா வரும்.

இண்டைக்கு எனக்குச் சோதினை. இந்த நாட்டில எண்பது வயதானா லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு வகுப்புக்குக் கூப்பிடுவினம். கண்ணைப் பாப்பினம், சட்டதிட்டம் சொல்லுவினம், கடைசியில ஒரு பேப்பரைத் தந்து மணிக்கூடு கீறச் சொல்லுவினம். மூளை வேலை செய்யுதோ எண்டு பாக்கினமாம். மணிக்கூடு கீறத் தெரிஞ்சா மூளை இருக்காம். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில, அரசாங்க ஒபிசில, இருபத்தாறு வருசம் கிளார்க்காயிருந்தனான், அப்ப ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை.

உம்மட முகத்தைப் பாத்தாத் தெரியுது, கேள்வி ஒண்டு வருது. கார் ஓடப்போற மனுசன் ஏன் பஸ்ஸில போறான்? கார் இல்லை பிள்ளை. வித்துப்போட்டன், போன மாசி மாதம். அப்ப லைசென்ஸ் ஏன்? அங்கதான் கதை இருக்கு. நீர் எங்க இறங்கிறது? கடைசித் தரிப்போ? அப்ப நேரம் இருக்கு. லோறன்ஸ் றோட்டைக் கிண்டத் துவங்கின நாளில இருந்து இந்த பஸ் நடந்துதான் போகுது.

நான் கதைக்கிறது விளங்குதோ? நீர் இந்தியாப் பிள்ளை போல. ஆ, கோயம்புத்தூரோ. நல்லது. விளங்காட்டி மறிச்சுக் கேளும், நான் கோவிக்க மாட்டன்.

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். காரை விட்டதுக்குக் காரணம் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் ஏறிப்போச்சு, கட்டேலாமப் போச்சு, விட்டன். அவ்வளவுதான். வேற ஒரு கோதாரியும் இல்லை. என்ர மனுசி தவமலரைக் கேட்டா வேற கதை சொல்லுவா, அதை நம்பாதையும்.

பச்சைக் கொறொல்லா. பதினைஞ்சு வருசம் என்னோட இருந்தது. நான் கார் ஓடுறது எண்டா ஸ்காபறோவில தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. நெடுஞ்சாலையில எழுபதுக்கு மேல போகமாட்டன், நடு லேனை விட்டு விலகமாட்டன். பின்னால வாறவை எல்லாம் ஹோர்ன் அடிச்சுக் கையும் காட்டிப் போவினம். அவ்வளவு மரியாதை. மனுசி ஏறி இருந்தவுடன கண்ணை மூடிக் கும்பிடத் துவங்கினா இறங்குமட்டும் திறக்கமாட்டா. அவவுக்குப் பக்தி கூட.

இருபத்திரண்டு வருசத்தில ஒரு கிளெயிம் இல்லை, தெரியுமோ? ஒண்டுமில்லை. கோயில் மதில் ஒருக்கா முட்டினது. கடை வாசலில ஒரு தூண். பிறகு இன்னொரு தூண். அதெல்லாம் கராச்சில தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தவர், சத்தமில்லாமத் தட்டி நிமித்தித் தந்திடுவார். இன்சூரன்ஸுக்குச் சொல்லாத முட்டு முட்டில்லை பிள்ளை.

சரி, கதைக்கு வாறன். எனக்கு மூண்டு பெடியள். மூத்தவன் நிரோஜன், நடுவிலான் துவாரகன், கடைக்குட்டி ஆதிசன். மூத்தவன் கொம்பியூட்டர், நடுவிலான் கட்டடம் கீறுறவன். கடைக்குட்டி இப்பத்தான் வேலைக்குப் போகத் துவங்கியிருக்கிறான், வாய் மட்டும் மற்ற ரெண்டு பேரையும் சேத்தளவு.

உண்மையைச் சொன்னா என்ர தம்பி குலத்தின்ர பிள்ளையள். நான் வீட்டுக்கு மூத்தவன், குலம் கடைசி, பதினாறு வயது வித்தியாசம். உங்கட பக்கம் தம்பியின்ர மகனுக்கு என்ன சொல்லுவியள்? தம்பி பையனோ? நாங்கள் பெறாமகன் எண்டு சொல்லுவம். பெறாத மகன். சொல்லை வடிவாப் பாரும், 'பெறா' எண்டு முன்னால ஒரு சின்னத் தடங்கல் இருக்கு, பிறகு மகன்தான். எனக்கு வாயில அந்தத் தடங்கல் வாறதில்லை. மகன் எண்டுதான் வரும்.

எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. ஒருக்காச் சொல்லிப்போட்டன், திரும்பக் கேக்காதையும்.

தம்பி இரவு வேலை, அவன்ர மனுசி பகல் வேலை. பெடியள் பள்ளிக்கூடம் விட்டா எங்கட வீடுதான். ரெண்டு தெரு தள்ளித்தான் அவையின்ர வீடு, ஆனா தூங்கத்தான் அங்க போவாங்கள். தவமலர் புட்டு அவிச்சு முட்டை பொரிச்சு வைச்சிருப்பா. பல்லு விழுந்தது எங்கட வீட்டில, கொப்புளிப்பான் வந்தது எங்கட வீட்டில. இப்ப மீசை முளைச்சு உத்தியோகம் பாத்தும் பின்னேரம் அஞ்சு மணிக்கு எங்கட கதவு தட்டாமத் திறக்கும். "பெரியம்மா, என்ன இருக்கு?" இதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச வணக்கம்.

மூண்டு பேருக்கும் கார் பழக்கினது நான்தான். ஏன் எண்டு தெரியேல்லை, பிறகு மூண்டு பேரும் காசு கட்டி வேற ஒருத்தரிட்டயும் முதல்ல இருந்து பழகினவங்கள். வீண் செலவு.

போன வருசம் மார்கழியில, இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம், கொம்பனியில இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தா. வெள்ளைக்காரப் பிள்ளை. என்ன ஒரு இதமான குரல்! "மிஸ்டர் ஏரம்பமூர்த்தி" எண்டு முழுப்பேரையும் உடைக்காமச் சொன்னா. முப்பது வருசத்தில என்ர பேரை முழுசாச் சொன்ன முதல் வெள்ளைக்காரி அவதான். எனக்கு அதிலேயே மனம் குளிர்ந்துபோச்சு.

அவ கேட்டா, வீட்டில உங்களைத் தவிர லைசென்ஸ் உள்ளவை ஆரும் இருக்கினமோ எண்டு. மனுசிக்கு இல்லை எண்டன். பிள்ளையள் இருக்கினமோ எண்டா.

பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து எத்தினை போம் நிரப்பியிருப்பன்? குடிவரவு, வரி, ஆசுப்பத்திரி, பென்சன். எல்லாத்திலயும் அந்த ஒரு வரி இருக்கும். பிள்ளைகள், எத்தனை பேர். நான் சைபர் போடுவன். கச்சேரிக் கையெழுத்தில வடிவான வட்டச் சைபர். ஆனா அதெல்லாம் கடுதாசி கேட்ட கேள்வி. அண்டைக்குத்தான் ஒரு மனுசக் குரல் இதமாக் கேட்டது. உள்ளுக்குக் குசினியில மூண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு சத்தம் போடுறாங்கள். நான் சொன்னன், "திரீ. திரீ சன்ஸ்."

வாய் நிறையச் சொன்னன். சொல்லேக்கை எப்பிடி இருந்தது தெரியுமோ!

மூண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கோ எண்டா. இருக்கு, மூண்டு பேரும் கெட்டிக்காரர், முதல் தரமே சித்தி, பாஸ் எண்டன். பேர் என்ன, வயது என்ன எண்டா. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னன். உங்களோடயோ இருக்கினம் எண்டா. எந்த நேரமும் இஞ்சதான் எண்டன். அது பொய்யில்லைத்தானே? சாப்பிடுற இடம்தானே வீடு? அவவும் நல்லது நல்லது எண்டு எல்லாம் எழுதினா. இந்தக் காலத்தில இவ்வளவு ஆசையா மற்றவையின்ர பிள்ளையளைப் பற்றி ஆர் விசாரிக்கினம் எண்டு நான் மனுசிக்குச் சொன்னன்.

ரெண்டு கிழமையில கடுதாசி வந்தது. மாதம் நூற்றி எண்பது கட்டின எனக்கு அறுநூற்றி நாப்பது. அறுநூற்றி நாப்பது! எனக்கு இருந்த கதிரை சுத்திச்சுது. கடுதாசியைத் தூக்கிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனன். அங்க காலமை எங்கட ஆக்கள் எட்டுப் பத்துப் பேர் இருப்பினம். எல்லாரும் தங்கட இன்சூரன்ஸும் ஏறினதெண்டு சொன்னவை. ஒருத்தர் அரசாங்கத்தைப் பேசினார், ஒருத்தர் கார்க் கள்ளரைப் பேசினார். நான் ரெண்டு பக்கத்தையும் பேசினன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்தது.

பின்னேரம் துவாரகன் கடுதாசியை எடுத்துப் புரட்டினான். அவன்தான் எதையும் கடைசிப் பக்கம் மட்டும் வாசிக்கிறவன். வாசிச்சவன் சோபாவில விழுந்து சிரிக்கிறான்.

"பெரியப்பா, எங்கட மூண்டு பேரின்ர பேரும் இதில இருக்கு! மூண்டு இளம் பெடியள் இந்தக் காரை ஓடுறாங்கள் எண்டு போட்டிருக்கினம். அதுதான் ஏறியிருக்கு. நீங்களோ சொன்னனீங்கள்?"

நான் தெரியாது எண்டு சொன்னன். அவை எப்பிடியோ கண்டுபிடிச்சிருப்பினம், கொம்பியூட்டர் எல்லாத்தையும் காட்டுமாமே எண்டன். அவனே போன் எடுத்துக் கதைச்சான். "சின்ன விசயம் பெரியப்பா. ஒரு போம் அனுப்புவினம். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சாப் பழைய காசுக்கு வந்திடும்" எண்டான்.

போம் வந்தது. ஒரே ஒரு பக்கம். இங்கிலீசுக் கடுதாசி வாசிக்க எனக்கு ஆளுதவி தேவையில்லை. கச்சேரித் தமிழில போட்டா இப்பிடி வரும்: "கீழே பெயர் குறிப்பிடப்பட்டுள்ள மூவரும் என்னுடைய பிள்ளைகள் அல்லர் என்றும், எனக்குப் பிள்ளைகள் எவரும் இலர் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்." இத்தால்! எத்தினை ஆயிரம் கடுதாசியில நான் 'இத்தால்' எழுதியிருப்பன். அந்தச் சொல்லு இவ்வளவு கொழுப்பெடுத்த சொல்லு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

பேனையை எடுத்தன். மூடியைக் கழட்டினன். கதவு திறந்து கிடக்கு, குசினியில ஆதிசன் பெரியம்மாவோட கடைசிக் கோழிக்காலுக்குச் சண்டை பிடிக்கிறான். நான் மூடியைப் போட்டன். திரும்பக் கழட்டினன். திரும்பப் போட்டன்.

நான் கிளார்க், பிள்ளை. எனக்குத் தெரியும். வாயால சொன்னது காத்தோட போகும். கையெழுத்து வைச்சா அது கடுதாசி. அது ஒரு பெட்டிக்குள்ள இருக்கும், நான் செத்தாப் பிறகும் இருக்கும். நாளைக்கு அந்த மூண்டு பேரில ஒருத்தன் எடுத்து வாசிச்சா? 'இவங்கள் என்ர பிள்ளையள் இல்லை. ஒப்பம், ஏரம்பமூர்த்தி.' என்ர கையால எழுதினது. எனக்குக் கை வரேல்லை. உள்ளதைச் சொல்லுறன், கை வரேல்லை.

ஆனா அதுக்கும் காரை வித்ததுக்கும் சம்பந்தமில்லை. அது இன்சூரன்ஸ்.

மனுசி வந்து பாத்தா. "என்னப்பா, விசரே உங்களுக்கு? கையெழுத்துத்தானே, வைச்சு அனுப்புங்கோ. பெடியளே சொல்லிப்போட்டாங்கள், பிறகென்ன?"

"அப்ப நீ வை. பொண்சாதி கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கு, இஞ்ச" எண்டு பேனையை நீட்டினன்.

வாங்கினா. இருந்தா. கண்ணாடியைப் போட்டு வாசிச்சா. ரெண்டாந்தரமும் வாசிச்சா. பிறகு பேனையை மெதுவா மேசையில வைச்சுப்போட்டு, "ஐயோ, சோறு அடிப்பிடிக்குது" எண்டு எழும்பிப் போட்டா.

எங்கட வீட்டில சோறு கரண்ட் சட்டியில வேகிறது. அது அடிப்பிடிக்காது. அதோட அண்டைக்கு இடியப்பம்.

அடுத்த நாள் நான் யோசிச்சன், இந்தக் கொம்பனி இல்லாட்டி வேற கொம்பனி. நாலு கொம்பனிக்கு அடிச்சன். நாலு பேரும் முதல்ல அதைத்தான் கேட்டவை, வீட்டில லைசென்ஸ் உள்ளவை எத்தினை பேர், பிள்ளையள் எத்தினை பேர். இந்தமுறை வாயைக் கட்டிக்கொண்டு சைபர் எண்டு சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் ஒவ்வொருதரமும் போனைத் தூக்கினது. நாலுதரமும் இந்தக் கோதாரி வாய் மூண்டு எண்டுதான் சொல்லிச்சுது. கடைசியா ஒருத்தி எழுநூறு எண்டா. கார் வைச்சிருக்கிறதுக்கு ஆனை வைச்சிருக்கலாம்.

அப்பத்தான் முடிவெடுத்தன். இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறன் எண்டு காரை வித்தன். நம்பர் பிளேற்றைக் கழட்டி வைச்சிருக்கிறன். போமையும் மடிச்சுச் சாமித்தட்டில, பிள்ளையார் படத்துக்குப் பின்னால வைச்சன். பெடியளுக்குச் சொன்னது, போம் அனுப்பியும் கொம்பனி கேக்கேல்லை, அறுநூறுக்குக் குறைக்க மாட்டினமாம், போகட்டும் சனியன் எண்டு.

பெடியளுக்குச் சரியான கவலை. மூண்டு பேரும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு நிண்டவங்கள், தோள் குலுங்கினது. மூத்தவன் கட்டிப்பிடிச்சு, "நல்ல முடிவு பெரியப்பா, மிச்சம் நல்ல முடிவு" எண்டான், கண்ணில தண்ணி. சனிக்கிழமை கோயிலுக்கு என்ர காரில வாற பரமேஸ்வரி அக்கா செய்தி கேட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி "முருகா!" எண்டவ. அடுத்த வெள்ளி பொங்கலும் பொங்கினவ. மனம் உடைஞ்சுபோனா பாவம், கடவுளிட்டத்தானே போவினம்.

நான் உடையேல்லை. ஒரு கிழமை வெறும் கராச்சைப் பாக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு பஸ் பிடிபட்டுப்போச்சு. இந்த பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் ஆர் கட்டுறது, நானோ? ரயர் மாத்துறது ஆர், பனி வழிக்கிறது ஆர்? நான் ராசா மாதிரி முன் சீற்றில இருக்கிறன். ஏழேகால் பஸ் ட்றைவரை எனக்குத் தெரியும், பஞ்சாபி, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறார். மத்தியான பஸ் ட்றைவருக்கு முழங்கால் நோ, தைலம் குடுத்தனான். நான் எங்க திரும்பவேணும் எண்டு அவைக்கும் சொல்லுறனான், அவை சொல்லு கேக்கிறதில்லை.

கதை இதோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

ஆனியில ஒருநாள் ஆதிசனுக்கு வேலைக்கு நேர்முகம். சாமித்தட்டில திருநூறு பூசப் போனான். கன நேரம் நிண்டு கும்பிட்டான். அவன் கும்பிடுற ஆளில்லை, எனக்கே புதினமா இருந்தது. பேந்து பாத்தா அந்தப் போம் நான் நாலா மடிச்சது ரெண்டா மடிச்சுக் கிடக்கு. மனுசி தூசு தட்டியிருப்பா. பெடியன் கண்டிருந்தாச் சொல்லியிருப்பான், அவன்ர வாய் சும்மா இராது.

ஆவணியில வேலை கிடைச்சு அவன் ஒரு கார் எடுத்தான். இன்சூரன்ஸுக்குப் போன் அடிக்கிறதுக்கு எங்கட சாப்பாட்டு மேசையிலதான் வந்து இருந்தான். ஸ்பீக்கரில போட்டிருந்தான், எனக்கும் கேக்குது. இதமான குரல். அதே பிள்ளையோ எண்டு தெரியேல்லை, அங்க எல்லாருக்கும் குரல் பழக்கிறவை போல. அதே கேள்வி: வீட்டில வேற லைசென்ஸ் உள்ளவை?

"மை டாட்" எண்டான். சரி, தம்பி குலத்துக்கு லைசென்ஸ் இருக்குத்தானே, தமையன்மாருக்கு வேற காரும் வேற இன்சூரன்ஸும். குலத்தின்ர பேரைக் குடுத்தான். நான் சம்பலை அள்ளினன்.

"அண்ட் மை அதர் டாட்" எண்டான். பேரை எழுத்தெழுத்தாச் சொல்லத் துவங்கினான். ஈ, ஆர், ஏ, எம். எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு.

"டேய் விசரா! அது என்ர பேரடா!"

வாயில விரலை வைச்சு உஸ் எண்டான். அந்தப் பிள்ளை கேட்டா, உனக்கு ரெண்டு அப்பாவோ எண்டு. ஓம் எண்டான். "ஓ, தற்ஸ் லவ்லி!" எண்டா. பெடியன் இருமத் துவங்கி, மேசைக்குக் கீழ போய் இருமினான். எனக்கு விளங்கேல்லை அதில என்ன பகிடி எண்டு. நல்ல மனமுள்ள பிள்ளை, சந்தோசப்பட்டா, அவ்வளவுதானே? இவரும் உங்களோடயோ இருக்கிறார் எண்டா.

"எந்த நேரமும்" எண்டான்.

அவ கணக்குப் பாத்தா. எண்பது வயதாகப்போற ஆளைச் சேத்தா மாதம் முப்பத்தஞ்சு டொலர் கூடுமாம். பரவாயில்லை, போடுங்கோ எண்டு சொல்லிப் போனை வைச்சான். எனக்கு வந்ததே கோவம்!

"உனக்கென்ன காசு மரத்தில காய்க்குதோ? உன்ர காரை நான் எப்பவடா ஓடினனான்? இப்பவே திரும்ப எடு. எடுத்துச் சொல்லு, பிழையாச் சொல்லிப்போட்டன், அவர் அப்பா இல்லை எண்டு. ஒரு போம் அனுப்புவினம். ஒரு கையெழுத்து, சின்ன விசயம், வைச்சா முடிஞ்சுது!"

அவன் ஒரு துண்டு புட்டை எடுத்துக் குழம்பில தோய்ச்சு வாயில போட்டான். ஆறுதலாச் சப்பினான். பிறகு என்ர முகத்தைப் பாத்துக் கேட்டான்:

"நீங்கள் வைச்சனீங்களோ பெரியப்பா?"

நான் திரும்பவும் சம்பலை அள்ளினன். தவமலர் எழும்பினா. "ஐயோ, சோறு அடிப்பிடிக்குது" எண்டு குசினிக்குள்ள போட்டா. மூக்குச் சிந்திற சத்தம் கேட்டது. அவவுக்குத் தடிமன் வந்தா லேசில விடாது.

அதுதான் பிள்ளை இண்டைக்குச் சோதினை. லைசென்ஸ் இல்லாத ஆளின்ர பேரை அந்தக் கடுதாசியில வைச்சிருக்க மாட்டினமாம், எடுத்துப்போடுவினமாம், ஆதிசன் விசாரிச்சவன். இந்த மணிக்கூடு பிழைச்சா லைசென்ஸ் போச்சு, லைசென்ஸ் போனாப் பேர் போச்சு. அதாலதான் மூண்டு கிழமையாக் கீறுறன். கார் ஓடுறதுக்கில்லை. அவன் முதல் நாளே சொல்லிப்போட்டான், "பெரியப்பா, பேர் மட்டும்தான். ஸ்டியரிங்கில கை வைக்கக்கூடாது, சத்தியம் பண்ணுங்கோ" எண்டு. என்ர இடுப்பு நோவுக்கு அந்தச் சீற் ஒத்துவராது எண்ட யோசினை அவனுக்கு. சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

காலமை கொண்டுபோய் விடுறன் எண்டுதான் நிண்டவன். நான்தான் வேண்டாம் எண்டன். சோதினைக்குப் போறவன் பஸ்ஸில போனாத்தான் போற வழியில கீறிப் பழகலாம். பின்னேரம் ஏத்த வருவான். மூண்டு பேரும் வருவாங்களாம், சித்தியோ இல்லையோ சாப்பாடு வெளியிலயாம்.

ஆ, என்ர தரிப்பு வருது. மணி அடிச்சு விடும் பிள்ளை, உந்தக் கயிறு. நன்றி.

பொறும், ஒண்டு காட்டுறன். இந்த உறைக்குள்ள இருக்கிறதுதான் அந்தக் கடுதாசி. உறையில கீறினாலும் உள்ளுக்கு இருக்கிறதில ஒரு கோடு படவிடேல்லை. இஞ்ச, ரெண்டாம் பக்கம், பெட்டிக்குள்ள. ஓட்டுநர் மூண்டு பேர். முதல் வரி அவன், ரெண்டாம் வரி குலம். மூண்டாம் வரியில என்ர பேர் இருக்கு, பிழையில்லாம. பேருக்குப் பக்கத்தில ஒரு சொல்லு அடிச்சிருக்கினம் பாரும், சின்ன எழுத்தில, உறவு எண்ட இடத்தில. அதை ஒருக்கா வாசியும், எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியேல்லை.

முகத்தில இருக்கிறதோ? அது தூரத்துக்குப் பிள்ளை. வாசியும். கொஞ்சம் பலமா வாசியும், பஸ் இரையுது.